டேங்கர் லாரியின் முதுகில் என்ன எழுதியிருக்கிறது, தெரியுமா?

சிக்னலில் உங்கள் பைக்குக்கு முன்னால் நிற்கும் பெட்ரோல் டேங்கரின் பின்பக்கம் 1203 என்று எழுதியிருக்குமே, கவனித்திருக்கிறீர்களா? அது லாரி நம்பர் இல்லை, டிப்போ நம்பரும் இல்லை. பெட்ரோலுக்கு ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் குழு கொடுத்த எண்! மணலியிலும் 1203தான், மெக்சிகோவிலும் 1203தான். டீசலுக்கு 1202, சமையல் கேஸுக்கு 1075, குளோரினுக்கு 1017, அம்மோனியாவுக்கு 1005, கந்தக அமிலத்துக்கு 1830. வண்டி கவிழ்ந்து டிரைவர் நினைவில்லாமல் கிடந்தாலும், ஓடிவரும் தீயணைப்பு வீரருக்கு அவர் பாஷை தெரியாவிட்டாலும், உள்ளே இருப்பது என்ன என்று இந்த நான்கு இலக்கம் சொல்லிவிடும்.

அதே பலகையில் '3 ஒய் ஈ' என்றும் இருக்கும். 3 என்றால் நுரை அடி. ஒய் என்றால் மூச்சுக் கருவி மாட்டிக்கொள், கொட்டியதைச் சாக்கடைக்குள் கழுவிவிடாதே. ஈ என்றால் அக்கம்பக்கத்து ஜனங்களை அப்புறப்படுத்த யோசி. மூன்றே எழுத்தில் ஒரு தீயணைப்புப் பாடம்! இது வீரர்களுக்கு மட்டுமான பாடமும் இல்லை. 2017 ஜூன் 25-ம் தேதி பாகிஸ்தானின் அகமதுபூர் கிழக்கில் கவிழ்ந்த டேங்கரிலிருந்து ஒழுகிய பெட்ரோலைப் பிடிக்கக் குடமும் பாட்டிலுமாக ஊரே திரண்டது. 200 பேருக்கு மேல் கருகிப்போனார்கள். கவிழ்ந்த டேங்கரிடம் குடத்தோடு ஓடும் வழக்கம் நம் ஊரிலும் உண்டு என்பது உங்களுக்கே தெரியும்.

உலகத்துக்கே ஒன்பது படம்தான்!

உலகில் பதிவாகியிருக்கும் வேதிப்பொருள்கள் 20 கோடியைத் தாண்டிவிட்டன. அவற்றின் ஆபத்தைச் சொல்ல எத்தனை படங்கள் இருக்கின்றன, தெரியுமா? ஒன்பது. வெறும் ஒன்பது! சிவப்புக் கரை போட்ட டைமண்டுக்குள் கறுப்புப் படம். தீச்சுடர், வட்டத்தின் மேல் தீச்சுடர், சிதறும் வெடிகுண்டு, கேஸ் சிலிண்டர், கையையும் உலோகத்தையும் அரிக்கும் திரவம், மண்டை ஓடு, ஆச்சரியக்குறி, நெஞ்சில் நட்சத்திரம் வெடித்த மனித உருவம், காய்ந்த மரமும் செத்த மீனும். தின்னர் டின்னில் தேடிப் பாருங்கள், குறைந்தது இரண்டு கிடைக்கும்.

1992-ல் ரியோ டி ஜெனீரோ புவி மாநாட்டில் போட்ட விதை, 2003-ல் ஐ.நா. வெளியிட்ட ஊதா அட்டைப் புத்தகமாக முளைத்தது. ஜி.எச்.எஸ். என்று பாதுகாப்பு அதிகாரிகள் சொல்வது இதைத்தான். அதற்கு முன்னால் நிலைமை எப்படி இருந்தது? ஒரு கிலோ உடல் எடைக்கு 257 மில்லிகிராம் வயிற்றுக்குள் போனால் சோதனை விலங்குகளில் பாதி செத்துவிடும் ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் அது 'நச்சு'. ஐரோப்பாவில் 'தீங்கானது'. சீனாவில் 'ஆபத்தற்றது'. இந்தியாவில்? 'நச்சற்றது'! கப்பல் கடல் தாண்டினால் விஷம் இறங்கிவிடுமா என்ன?

இரண்டு தீச்சுடர் படங்களையும் ஒன்றென்று நினைத்துவிடாதீர்கள். வெறும் சுடர் என்றால் அந்தப் பொருளே எரியும். வட்டத்தின் மேல் சுடர் இருந்தால் அது எரியாது, பக்கத்தில் இருப்பதை வெறிகொண்டு எரியவைக்கும்! திருப்பூர் சாயப்பட்டறைகளில் துணி வெளுக்கும் பெராக்சைடு இந்த ஜாதி. கேனிலிருந்து சிந்தியதைப் பழைய துணியால் துடைத்து, மரத்தூள் தூவிக் கூட்டி ஒரு மூலையில் குவித்துவிட்டுப் போனால், அந்தக் குவியல் தீக்குச்சியே இல்லாமல் பற்றிக்கொள்ளலாம். நான்கு அடி தள்ளி நிற்கும், ஹைட்ரோஸ் எனப்படும் சோடியம் ஹைட்ரோசல்ஃபைட் டின்னில் இருப்பதோ வெறும் சுடர். அதற்கு ஈரமே எதிரி. மூடி சரியாக மூடாத டின்னில் மழைச்சாரல் பட்டால் தானாகச் சூடேறிப் புகையும். பதறிப்போய் ஒரு மக் தண்ணீர் தெளித்தால் இன்னும் சூடேறும். ஒரே கூரைக்கு அடியில், ஒரே ஆள் கையாளும் இரண்டு பொருள்கள், இரண்டுக்கும் நேரெதிர் வைத்தியம்!

வட்டச் சுடருக்கு இன்னொரு சொந்தக்காரர் அம்மோனியம் நைட்ரேட். 2020 ஆகஸ்ட் 4-ம் தேதி பெய்ரூட் துறைமுகத்தை உலுக்கியெடுத்து 200-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது கிடங்கில் ஆண்டுக்கணக்காகக் கிடந்த 2,750 டன். அந்தச் செய்தியைப் பார்த்த பிறகுதான் சென்னைக்கு ஒரு நினைவு வந்தது. 2015-ல் சுங்கத்துறை பிடித்துவைத்த சரக்கில் 700 டன் அளவுக்கு மணலிப் பக்கம் கிடந்தது, தெரியுமா? அதே மாதமே லாரி லாரியாக ஏற்றி ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள்.

இன்னொரு விசித்திரம். ஜி.எச்.எஸ். கணக்கில் 'வகை 1' என்றால் படுபயங்கரம், 4 என்றால் அந்த அளவுக்கு இல்லை. ஆனால் அமெரிக்கத் தீயணைப்பு முறையில் வரும் நான்கு வண்ண டைமண்டில் 4 என்றால் படுபயங்கரம், 0 என்றால் பயமில்லை! சில தொழிற்சாலைகளில் இரண்டும் ஒரே சுவரில் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. இதை யாரும் திருத்தாமல் விட்டிருப்பது எனக்கு இன்றுவரை புரியாத சங்கதி.

மண்டை ஓட்டைப் பார்த்துச் சிரித்த குழந்தைகள்

மண்டை ஓடு என்றால் எல்லோருக்கும் பயம் என்றுதானே நினைக்கிறோம்? அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் குழந்தைகளுக்கு அது கடற்கொள்ளைக்காரர் சின்னம், ஜாலியான விஷயம். போதாக்குறைக்கு அந்த ஊர் பேஸ்பால் அணியின் பெயரே பைரேட்ஸ்! அதனால் 1971-ல் அந்த ஊர்க் குழந்தைகள் மருத்துவமனை, முகம் சுளித்து நாக்கை நீட்டும் பச்சை மூஞ்சி ஒன்றை விஷப் பாட்டிலுக்கென்று உருவாக்கியது. 'மிஸ்டர் யக்' என்று பெயர்.

மருத்துவமனைக் கழிவுப் பைகளில் கொம்பு கொம்பாக ஒரு சின்னம் இருக்குமே, அது எதைக் குறிக்கும் படம்? எதையுமே இல்லை! 1966-ல் டவ் கெமிக்கல் நிறுவனத்தில் வேண்டுமென்றே அர்த்தமில்லாமல், ஆனால் ஒருமுறை பார்த்தால் மறக்காதபடி வரைந்தார்கள். கதிரியக்கத்தின் மூன்று இதழ்ச் சின்னம் 1946-ல் பெர்க்லியில் பிறந்தது. பார்ப்பவருக்கு அது மின்விசிறி மாதிரிதான் தெரிகிறது என்பதால், 2007-ல் மண்டை ஓடும் ஓடும் மனிதனும் சேர்ந்த சிவப்பு முக்கோணம் ஒன்றையும் கூடவே கொண்டுவந்தார்கள். பழைய இரும்புக்கடைக்காரர்கள் இந்தச் சின்னங்களை அவசியம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 1987-ல் பிரேசிலின் கோயானியாவிலும் 2010-ல் டெல்லி மாயாபுரியிலும் கதிரியக்கப் பெட்டியைப் பிரித்து உயிரைவிட்டவர்கள் காயலான் கடை வட்டாரத்து மனிதர்கள்தான்.

இவை எல்லாவற்றையும்விட என்னைத் தூங்கவிடாத கதை இராக்கினுடையது. 1971-ல் அங்கே விதைப்புக்காக மெக்சிகோவிலிருந்து கோதுமையும் அமெரிக்காவிலிருந்து பார்லியும் வந்து இறங்கின. பூஞ்சை பிடிக்காமல் இருக்க மெத்தில் மெர்க்குரி கலந்த விதை. சாப்பிடக் கூடாது என்பதற்காகச் சிவப்புச் சாயமும் ஏற்றியிருந்தார்கள். சாக்கில் எச்சரிக்கை இருந்ததா? இருந்தது! ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும். சாக்கை வாங்கியவர்களோ அரபியும் குர்தியும் பேசும் கிராமத்து விவசாயிகள். சாக்கில் இருந்த மண்டை ஓடும் அவர்களிடம் எதுவும் சொல்லவில்லை. பல ஊர்களுக்கு விதைப்பு முடிந்த பிறகுதான் மூட்டை போய்ச் சேர்ந்தது. வீட்டில் பஞ்சம். சிவப்பைக் கழுவினார்கள், சாயம் போனது. விஷமும் போய்விட்டது என்று நம்பி மாவாக்கி ரொட்டி சுட்டார்கள். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை, மறுநாளும் ஒன்றும் ஆகவில்லை. வாரங்கள் கழித்துத்தான் கை கால் மரத்தது, நடை தள்ளாடியது, பார்வை சுருங்கியது. மருத்துவமனைகளில் சேர்ந்தவர்கள் மட்டும் 6,530 பேர். அங்கே இறந்தவர்கள் 459 பேர். லேபிள் சாக்கிலேயே இருந்தது, ஐயா!

நம் வயல்காட்டுக்கு வருவோம். பூச்சிமருந்து டப்பாவில் சாய்த்துவைத்த சதுரம் ஒன்று இருக்கும், அதன் கீழ்ப்பாதியில் நிறம். சிவப்பு என்றால் அதிபயங்கர நஞ்சு, அடுத்து மஞ்சள், அப்புறம் நீலம், கடைசியில் பச்சை. 1971-ம் ஆண்டு விதிகளில் இருந்தே இது உண்டு. எழுத்துக் கூட்டத் தெரியாதவரும் கடையில் நின்றபடியே நிறத்தை வைத்துத் தரம் பிரித்துவிடலாம். பச்சை என்றதும் இயற்கை மருந்து என்று சில கடைக்காரர்கள் சொல்வதுண்டு. அது பச்சைப் பொய். நஞ்சு குறைவு என்பதற்கு மேல் அந்தப் பச்சைக்கு அர்த்தமே கிடையாது.

பதினாறு பகுதி ஜாதகம்

லேபிள் வெறும் முன்னோட்டம்தான். முழுக் கதையும் எஸ்.டி.எஸ். எனப்படும் பாதுகாப்புத் தகவல் தாளில் இருக்கிறது. பதினாறு பகுதிகள், எந்த நாட்டில் அச்சடித்தாலும் அதே வரிசை! அதனால் பாஷை தெரியாத தாளிலும் நான்காம் பகுதி முதலுதவி, ஐந்தாம் பகுதி தீ, ஆறாம் பகுதி சிந்தினால் செய்யவேண்டியது, எட்டாம் பகுதி கையுறை, முகக்கவசம் என்று கண்ணை மூடிக்கொண்டு விரல் வைக்கலாம். வாக்கியங்களுக்கும் எண் உண்டு. எச் 225 என்றால் எளிதில் தீப்பற்றும் திரவம், எச் 314 என்றால் தோலைச் சுட்டுக் கண்ணைக் கெடுக்கும், எச் 350 என்றால் புற்றுநோய் வரலாம். கூகுளில் எண்ணைப் போட்டால் போதும்.

எட்டாம் பகுதியில் 'கையுறை அணியவும்' என்று மட்டும் போட்டிருந்தால் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். எந்தக் கையுறை? 1996 ஆகஸ்டில் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரி வேதியியல் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹான், லேடெக்ஸ் கையுறை போட்டுக்கொண்டுதான் டைமெத்தில் மெர்க்குரியைக் கையாண்டார். சில துளிகள் கையுறைமேல் விழுந்தன. பிற்பாடு சோதித்தபோது தெரிந்தது என்ன தெரியுமா? அந்த ரப்பரை ஊடுருவ அதற்கு 15 விநாடி போதும்! மாதங்கள் கழித்துத்தான் அறிகுறியே தெரிந்தது. 1997 ஜூனில் இறந்துபோனார். நச்சு உலோகங்களை ஆராய்வதையே தொழிலாகக் கொண்டவர் அவர்.

நான்காம் பகுதியின் அருமை தெரிய வேண்டுமா? ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தின் தாளைப் படியுங்கள். துரு எடுக்கவும் கண்ணாடியில் பூ வேலை செய்யவும் பயன்படும் இந்த அமிலம் நீர்த்த நிலையில் விரலில் பட்டால் வலிக்கவே வலிக்காது! கழுவிவிட்டு வேலையைத் தொடர்வார்கள். ராத்திரி வீட்டில் சாப்பிட உட்காரும்போது நகத்துக்கு அடியில் உயிர்போகிற வலி எடுக்கும். அதற்குள் அமிலத்தின் ஃபுளோரைடு உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். அளவு அதிகமானால் இதயமே நின்றுவிடும். கழுவியது மட்டும் போதாது, கால்சியம் குளுக்கோனேட் ஜெல் தடவ வேண்டும். அந்த ட்யூப் பட்டறை முதலுதவிப் பெட்டியில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

கணக்குப் பிரியர்களுக்கு ஒரு சுவாரசியம். தாளின் மூன்றாம் பகுதியில் சி.ஏ.எஸ். எண் என்று ஒன்று வரும். கந்தக அமிலத்துக்கு 7664-93-9. கடைசி 9-ஐ விட்டுவிட்டு வலமிருந்து இடமாக 1, 2, 3 என்று பெருக்கிக் கூட்டுங்கள்: 3, 18, 12, 24, 30, 42. மொத்தம் 129. கடைசி இலக்கம் 9! எண்ணில் ஓர் இலக்கம் தப்பாக டைப் ஆனாலும் பெரும்பாலும் கணக்கு உதைத்துவிடும்.

மூக்கும் லேபிள் படிக்கும்

சமையல் கேஸுக்கு வாசனையே கிடையாது, தெரியுமா? அந்த நாற்றம் சேர்மானம்! 1937 மார்ச் 18-ம் தேதி டெக்சாஸின் நியூ லண்டன் பள்ளிக்கூடத்தில் மணமில்லாத எரிவாயு கசிந்து தேங்கி வெடித்தது. கிட்டத்தட்ட 300 பேர் போனார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அதற்குப் பிறகுதான் எரிவாயுவில் நாற்றம் சேர்க்கச் சட்டங்கள் வந்தன. நம் வீட்டு சிலிண்டரில் எத்தில் மெர்காப்டன் அந்த வேலையைச் செய்கிறது.

ஆனால் மூக்கை முழுசாக நம்பிவிடாதீர்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் பட்டறைகளில் முடி நீக்கப் பயன்படும் சோடியம் சல்ஃபைடு அமிலத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம். கழிவுநீர்த் தொட்டியிலும் அதே வாயுதான். காற்றில் பத்து லட்சத்துக்கு நூறு பங்கு அளவை எட்டும்போது இது மூக்கின் நரம்பையே மரக்கடித்துவிடும். 'நாற்றம் அடங்கிடுச்சு, இறங்கலாம்' என்று யாராவது சொன்னால் அதுதான் இறங்கவே கூடாத நேரம்!

சிலிண்டர் என்றதும் ஞாபகம் வருகிறது. இந்தியாவில் மருத்துவ ஆக்சிஜன் சிலிண்டர் கறுப்பு உடம்பு, வெள்ளைத் தோள். அமெரிக்காவில் அதுவே பச்சை! ஆகவே நிறத்தை மட்டும் நம்பாமல் லேபிளையும் படிக்க வேண்டும். வெல்டிங் பட்டறை அசிட்டிலின் சிலிண்டரின் மரை இடதுபக்கம் திரும்பும், ஆக்சிஜனுக்கு வலதுபக்கம். ஹோஸை மாற்றி மாட்ட நினைத்தாலும் ஏறாது! வீட்டு கேஸ் சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் 'பி-28' என்பதுபோல இருக்கும். 2028 ஏப்ரல் முதல் ஜூனுக்குள் அதைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று அர்த்தம். ஏ முதல் காலாண்டு, டி கடைசி. தேதி தாண்டிய சிலிண்டரை வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

காலி டிரம், நிறைந்த ஆபத்து

நிறைய பெட்ரோல் இருக்கும் பேரலைவிடக் காலிப் பேரல் வெடிக்க வாய்ப்பு அதிகம், தெரியுமா? திரவம் எரிவதில்லை, ஆவிதான் எரிகிறது. காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு பெட்ரோல் ஆவி இருந்தாலே வெடிக்கத் தயார். அடியில் ஒட்டியிருக்கும் ஒரு டம்ளர் மிச்சமே அதற்குத் தாராளம். 'காலிதானே' என்று கேஸ் கட்டரை வைக்கும் இடத்தில்தான் மூடி பறக்கிறது. அதனால்தான் காலி டிரம்மிலிருந்தும் லேபிளைக் கிழிக்கக் கூடாது என்கிறார்கள். நம் தெருக்களிலோ முதல் வேலையாக அதைத்தான் கிழிக்கிறோம்! தண்ணீர் பிடிக்க வாங்கும் செகண்ட் ஹேண்ட் நீல டிரம்மைத் தடவிப் பாருங்கள். வயிற்றுப் பக்கம் சுரண்டிய பசையின் தடம் சொரசொரவென்று இருக்கும். அதில் சாயம் வந்ததா, பிசின் வந்ததா, அமிலம் வந்ததா என்பது அந்தப் பசையோடு போயிற்று. என்னைக் கேட்டால், லேபிள் இல்லாத டிரம்மை விற்பதே குற்றம் என்பேன்.

தடவிப் படிக்கும் லேபிளும் உண்டு. ஐரோப்பாவில் கடும் நஞ்சுள்ள வீட்டு உபயோகப் பாட்டில்களில் விரலால் தடவினால் தெரியும் சின்ன முக்கோணம் புடைத்திருக்கும். பார்வையற்றவர்களுக்கான லேபிள் அது!

உள்ளே இருப்பது என்ன என்று தெரியாமல் போனால் என்ன ஆகும்? 1984 டிசம்பர் 2-ம் தேதி நள்ளிரவு போபாலில் சுமார் 40 டன் மெத்தில் ஐசோசயனேட் கசிந்தபோது, வந்து குவிந்தவர்களுக்கு என்ன சிகிச்சை கொடுப்பது என்று ஹமீதியா மருத்துவமனை டாக்டர்களுக்கே தெரியவில்லை. எந்த வாயு, என்ன மாற்று மருந்து என்று சொல்ல ஆளில்லை. 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, ஆபத்தையும் பாதுகாப்பு வழியையும் தொழிலாளர்களுக்கும் சுற்றுவட்டார மக்களுக்கும் நிர்வாகமே சொல்லியாக வேண்டும் என்று எழுதினார்கள். 1989 விதிகள் லேபிளையும் தகவல் தாளையும் கட்டாயமாக்கின. ஆகவே ஷிஃப்டில் சூப்பர்வைசரிடம் 'சார், இந்தக் கெமிக்கலோட எஸ்.டி.எஸ். எங்க இருக்கு?' என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. ஆபீஸ் பீரோவில் பூட்டி வைத்திருப்பதாகப் பதில் வந்தால் விடாதீர்கள். ஆடிட் அன்றைக்கு மட்டும் வெளியே வரும் தாள் யார் கண்ணையும் காப்பாற்றாது.

கடைசியாக ஒன்று, இதை மட்டுமாவது வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். நெஞ்சில் நட்சத்திரம் வெடித்த அந்த மனித உருவம் மண்ணெண்ணெய்க்கும் தின்னருக்கும் டர்பன்டைனுக்கும் உண்டு! எச் 304: விழுங்கி, மூச்சுக்குழாய்க்குள் போனால் உயிரையே எடுக்கலாம். வயிற்றில் இருக்கும்வரை அது செய்யும் கேடு குறைவு. வாந்தியோடு மேலே வந்து நுரையீரலுக்குள் கொஞ்சம் இறங்கினால்தான் வினை. குழந்தை மண்ணெண்ணெய் குடித்துவிட்டால் நம் பக்கம் முதலில் செய்வது என்ன? உப்புத் தண்ணீரோ சோப்புத் தண்ணீரோ கரைத்துக் கொடுத்து வாந்தி எடுக்கவைப்பது! அதே லேபிளில் பி 331 என்று ஒரு வரி இருக்கும்: வாந்தி எடுக்கவைக்காதே.

விரலை வாய்க்குள் விடாதீர்கள். 108-ஐ அழையுங்கள். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய நச்சுத் தகவல் மையம் 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் 24 மணி நேரமும் வழி சொல்கிறது. கிளம்பும்போது அந்த பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் லேபிளை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கேஷுவாலிட்டியில் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.